கரண்டு போனால் மறக்கும் பெட்டி

2012 ஐப்பசியில் எங்கள் பக்கம் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா" என்று விசாரிக்கவில்லை. "உங்க தெருவுல கரண்டு இருக்குதா" என்றுதான் கேட்டார்கள். சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு என்று செய்தித்தாளில் படிப்போம். தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். சில நாள் அந்தக் கணக்கும் தப்பிவிடும். இத்தனைக்கும் மேட்டூர் எங்களுக்குத் தூரமில்லை. அணையில் புனல் மின்சாரம், பக்கத்திலேயே 840 மெகாவாட் அனல் மின் நிலையம். பென்னாகரம் வட்டத்தில் ஒட்டனூர், நாகமரைக்காரர்கள் அணையின் தேங்கு நீரைப் பார்த்தபடி இருட்டில் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் பெரியப்பா வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தைக் கழித்து 1925-இல் கண்மூடியது அந்தப் பாப்பாரப்பட்டியில்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இடம் பிடிபடும். பெரியப்பாவுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு. ஒன்றரை ஏக்கர் மல்பெரி, வீட்டை ஒட்டி ஒரு புழு மனை. அண்ணன், அதாவது பெரியப்பா மகன், பெங்களூரில் வேலை பார்த்தான். அங்கே எஸ்.பி. ரோடு என்று ஒரு கடைவீதி உண்டு; எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எதுவானாலும் புதிதும் பழையதும் குவிந்து கிடக்கும். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களில் ஒன்றையும் ஒரு பழைய லேசர் பிரிண்டரையும் அங்கே வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான்.

கம்ப்யூட்டர் தங்கைக்கு, அதாவது பெரியப்பா மகளுக்கு. டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தாள். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் கடைசி வருடம். வீட்டிலேயே டிடிபி வேலை எடுத்துச் செய்யட்டும் என்பது அண்ணனின் திட்டம். பள்ளிக்கூடக் கேள்வித்தாள், காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ். இதற்கெல்லாம் பேஜ்மேக்கர் வேண்டும், அச்சகங்கள் பழகிப்போன பழைய தமிழ் எழுத்துருக்கள் வேண்டும். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. அந்த அறிவிப்பு எங்கள் பக்கத்து அச்சகங்களுக்கு வந்து சேரச் சில வருடம் ஆனது. எழுத்துருவுக்கு ஒரு குறியீடு, குறியீட்டுக்கு ஒரு விசைப்பலகை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக மந்திரம் போல ஏதோ நிற்கும். அந்தப் பிரிண்டரோ பேரலல் போர்ட் காலத்தது. பேஜ்மேக்கர், எழுத்துரு, பிரிண்டர் மூன்றும் சண்டையில்லாமல் ஓடும் ஒரே இடம் விண்டோஸ் எக்ஸ்பி. விண்டோஸ் 7 வந்து மூன்று வருடம் ஆகியிருந்தும் எக்ஸ்பிதான் வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் இதுதான், கஞ்சத்தனம் இல்லை.

ஆபீஸ்காரர்கள் ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் விற்றிருந்தார்கள். ஆகவே தருமபுரி டவுனில் ஒரு கடையில் கொடுத்து எக்ஸ்பி போட்டார்கள். கடையில் நன்றாக ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து சொருகினால் நீலத் திரை. மறுபடி கடை. கடைக்காரர் பார்த்துவிட்டு "ஓஎஸ் போயிருச்சுங்க" என்றார், ஃபார்மட் போட்டார், 300 ரூபாய் வாங்கினார். கடையில் ஓடியது. வீட்டில் நீலத் திரை. இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது. பஸ் கண்டக்டர் சிபியுவுக்கு லக்கேஜ் போடுவதை நிறுத்திவிட்டார் என்று அண்ணன் சொல்வான். அது அவன் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

இந்த "ஓஎஸ் போயிருச்சு" என்ற பேச்சு அப்போது ஊரெல்லாம் இருந்தது. எங்கே போகும், எப்படிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. பேய் பிடித்தது, காத்துக் கருப்பு அடித்தது என்று சொன்னால் வேப்பிலை எடுப்பதுபோல், ஓஎஸ் போனால் ஃபார்மட். பத்தில் எட்டு தடவை அது பலித்தும்விடும், அதனால்தான் அந்த வைத்தியத்துக்கு அவ்வளவு மரியாதை. பலிக்காத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் ஏற்பாடு எதுவும் கிடையாது. இன்னொரு முறை ஃபார்மட்தான்.

நான் அப்போது சேலத்தில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எம்.சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் ரிப்பேர் படிப்பு என்று எங்கள் சொந்தக்காரர்கள் என்றைக்கோ முடிவு கட்டியிருந்தார்கள். தீபாவளி லீவுக்கு வந்ததும் அண்ணன் போன் செய்தான். "டேய், ஓஎஸ் நிக்க மாட்டேங்குதுடா. ரெண்டு நாளு வந்து இருந்து பாரு. பெரியம்மா களி கிண்டி வெச்சிருக்குது."

போனதும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு லோ வோல்டேஜ். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. வயலுக்கு மும்முனை மின்சாரம் விடுகிற நேரத்தில் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டும், மிக்ஸி முனகும். அண்ணனுக்குச் சிடி மேல் சந்தேகம். கடைக்காரர் ஹார்டு டிஸ்க் மேல் கை காட்டியிருந்தார். அவரிடமே ஒரு டிஸ்க் விற்பனைக்கு இருந்தது. பெரியம்மாவின் சந்தேகம்தான் எனக்குப் பிடித்திருந்தது. புழு மனையில் நோய் வராமல் இருக்க ஒவ்வொரு பருவமும் பிளீச்சிங் பவுடர் அடிப்பார்கள். "அந்த நெடிக்கு வீட்டு வெள்ளிக் கொலுசே கருத்துப்போவுது, உள்ளார இருக்கற கம்பி என்னாவும்" என்றாள். குளோரின் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும் என்பது உண்மைதானே. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் பச்சைப் பூப்பு இல்லை. பெங்களூரு ஆபீஸ் தூசி மட்டும் மெத்தை மாதிரி படிந்திருந்தது.

யுபிஎஸ் ஒன்று இருந்தது, பேருக்கு. 600 விஏ, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. அந்த வகை ஈய அமில பேட்டரி முழுக்க இறங்கினால் மறுபடி ஏற ஆறேழு மணி நேரம் கேட்கும். ஒரு மணி நேரத்தில் அது பாதி வயிறுகூட நிரம்பாது, அதற்குள் அடுத்த கட். இப்படியே சில மாதம் அரைகுறையாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி செத்துப்போகும். அந்த வருடம் தமிழ்நாட்டில் செத்த யுபிஎஸ் பேட்டரிகளை அடுக்கினால் தொப்பூர்க் கணவாய் அடைத்துப்போகும். எங்கள் வீட்டு யுபிஎஸ் கரண்டு போனால் ஒரு முறை கீச்சென்று கத்தி அணைந்துவிடும். தகவல் சொல்கிற வேலை மட்டும் பார்த்தது.

கரண்டு வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்து நின்றது. "எஃப் 1 அழுத்துப்பா, போயிரும்" என்று அடுப்படியிலிருந்தே பெரியம்மா சொன்னாள். வீட்டில் எல்லாருக்கும் அது பழகியிருந்தது. கடைக்காரரும் "பழைய போர்டுங்க, அப்படித்தான் கேக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் எஃப் 1-ஐத் தட்டினான். விண்டோஸ் சின்னம் ஒரு கணம் தெரிந்தது, அப்புறம் நீலம். கணினிக்குச் சேதம் வராமல் இருக்க விண்டோஸ் நிறுத்தப்பட்டது என்ற வழக்கமான பேச்சு, வைரஸ் இருக்கிறதா பார், புதிதாக ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்று என்ற வழக்கமான புத்திமதி, அடியில் வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசியில் 7பி.

அந்தத் திரையில் படிக்க வேண்டியது அந்த 7பி ஒன்றுதான். மேலே இருக்கும் பத்திகள் எல்லாருக்கும் பொதுவான ஆறுதல். விண்டோஸ் எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்திருக்க வேண்டுமோ அந்த டிஸ்க்கையே அதனால் அடைய முடியவில்லை என்பது 7பி-க்கு அர்த்தம். டிஸ்க் செத்திருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், டிஸ்க்குடன் பேசத் தெரிந்த டிரைவர் இல்லாமலும் இருக்கலாம்.

சிபியுவோடு கூடவே எக்ஸ்பி சிடி ஒன்று பிளாஸ்டிக் உறையில் வந்திருந்தது. பெட்டியின் விலாவில் அதற்குரிய லைசென்ஸ் ஸ்டிக்கர். அந்தச் சிடியைப் போட்டு அதிலிருந்து கிளப்பினேன். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அடியில் டிரைவர் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. விண்டோஸைத் துவக்குகிறேன் என்று ஒரு வரி. உடனே அதே 7பி.

இது நல்ல செய்தி. எப்படி என்று அண்ணனுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஹார்டு டிஸ்க்கில் கடைக்காரர் போட்ட எக்ஸ்பியை இப்போது யாருமே தொடவில்லை. சிடியிலிருந்து வந்த எக்ஸ்பியும் அதே இடத்தில் அதே எண்ணோடு விழுகிறது. அப்படியானால் ஓஎஸ் எங்கேயும் போகவில்லை. எத்தனை தடவை ஃபார்மட் போட்டாலும் இதுதான் நடக்கும். "அப்ப 300 ரூவா?" என்றான் அண்ணன். அவனுக்கு அதுதான் உறைத்தது.

அடுத்து ராமைக் கழற்றி, தங்கநிறப் பல்வரிசையை அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். இது தமிழ்நாட்டில் எந்தக் கம்ப்யூட்டர் வியாதிக்கும் கொடுக்கிற முதல் மருந்து. கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் தொடுமுனையில் படிந்த அழுக்கு போனால் எத்தனையோ பெட்டிகள் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. இதில் எழவில்லை. டேட்டா கேபிளை மாற்றினேன். இதற்குள் கரண்டு போய்விட்டது. புழுவுக்கு இலை போடப் பெரியப்பாவோடு போனேன். ஐந்தாம் பருவத்துப் புழு இலை தின்னும் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுவது போலவே இருக்கும். இருட்டில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றால் நேரம் போவது தெரியாது.

என்னிடம் ஒரு உபுண்டு சிடி இருந்தது. 2011 வரைக்கும் உபுண்டுக்காரர்கள் கேட்டவர் வீட்டுக்குத் தபால் செலவுகூட வாங்காமல் சிடி அனுப்பி வந்தார்கள். ஷிப்இட் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். வெளிநாட்டு முத்திரையோடு கனத்த அட்டை உறை கிராமத்துக்கு வந்து இறங்கும்போது தபால்காரர் கையெழுத்து வாங்காமலே நம்மைக் கொஞ்சம் உயர்த்திப் பார்ப்பார். இணையம் டயல் செய்து கிடைத்த ஊர்களில் 700 எம்பி இறக்குவது நடக்கிற காரியமில்லை. தமிழ்நாட்டில் லினக்ஸ் பழகிய என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு முதல் பாடம் அந்த உறையில்தான் வந்தது. அந்தச் சிடியின் சிறப்பு, எதையும் நிறுவாமலே அதிலிருந்து ஓடும். நினைவகச் சோதனையும் அதிலேயே உண்டு.

கரண்டு வந்தது. நினைவகச் சோதனை ஒரு சுற்று ஓடி முடிந்தது; பிழை இல்லை. பிறகு உபுண்டுவை எழுப்பினேன். எழுந்தது. ஹார்டு டிஸ்க்கைக் காட்டியது. திறந்தால் உள்ளே கடைக்காரர் போட்ட எக்ஸ்பி முழுசாக இருந்தது, தங்கைக்காக அவர் ஏற்றிய சினிமாப் பாட்டுகள் உட்பட. ஒரு பாட்டைப் போட்டேன். பெரியம்மா எட்டிப் பார்த்து "சரியாயிருச்சா" என்றாள். டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையும் சுத்தம். டிஸ்க், கேபிள், ராம் மூன்றும் குற்றமற்றவை. பேசத் தெரியாதது எக்ஸ்பிதான்.

உபுண்டு எழுந்தபோது பதிந்த செய்திகளைப் புரட்டினேன். டிஸ்க்கைக் கண்டுபிடித்த வரியில் ஏஎச்சிஐ என்று இருந்தது. முடிச்சு அங்கே அவிழ்ந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் ஹார்டு டிஸ்க் ஐடிஇ என்ற முறையில் பேசும். சாட்டா டிஸ்க்குகள் வந்தபின் இன்டெல் 2004-இல் ஏஎச்சிஐ என்ற புது முறையை வகுத்தது. எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். தான் பிறந்து மூன்று வருடம் கழித்து வந்த பாஷை அதற்குத் தெரிய நியாயமில்லை. அதன் சிடியில் பொதுவான ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது. வேண்டுமென்றால் நிறுவலின் தொடக்கத்தில் எஃப் 6 அழுத்தி டிரைவரைக் கொடுக்கலாம். ஆனால் ஃபிளாப்பியிலிருந்து மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். 2012-இல் ஃபிளாப்பி டிரைவுக்கு எங்கே போவது? அதனால் போர்டு தயாரித்தவர்களே பயாஸில் ஒரு வழி வைத்திருந்தார்கள். டிஸ்க் பழைய ஐடிஇ போல நடிக்கட்டும் என்று அமைப்பை மாற்றிவிட்டால் எக்ஸ்பிக்கு வித்தியாசமே தெரியாது.

டெலிட் விசையைத் தட்டிப் பயாஸுக்குள் போனேன். சாட்டா முறை: ஏஎச்சிஐ. ஐடிஇ என்று மாற்றி, சேமித்து வெளியே வந்தேன். சிடி இல்லை, ஃபார்மட் இல்லை. எக்ஸ்பியின் பச்சைப் புல்மேடும் நீல வானமும் வந்து நின்றன. போய்விட்டதாகச் சொல்லப்பட்ட ஓஎஸ், இருந்த இடத்திலேயே இருந்து பாட்டுப் பாடியது.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் கடையில் போட்டது யாருடையதோ நகல். பெட்டியிலோ உரிய லைசென்ஸும் சிடியும் இருக்கின்றன. முறையானதையே போட்டுவிடலாம் என்று தோன்றியது. தங்கை கரண்டு நேரத்தைச் சுவரில் காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தாள். ஆறு மணிக்கு வந்தால் ஏழு வரை. எக்ஸ்பி நிறுவலில் கோப்புகளை நகல் எடுக்கும் கட்டம் முடிந்து, ஒரு தடவை தானே அணைந்து எழுந்து, வலது பக்கம் விளம்பரமும் இடது ஓரம் மீதி நேரமுமாக ஒரு திரை வரும். மீதி 39 நிமிடம் என்று தொடங்கும். அந்த 39 நிமிடத்தை இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே தெரியும். நடுவில் 34-இல் நின்று முறைக்கும், திடீரென்று இறங்கும். தயாரிப்பு எண் கேட்டது. ஸ்டிக்கரில் 25 எழுத்து, சில இடம் தேய்ந்திருந்தது. தங்கை டார்ச் பிடித்து வாசித்தாள். அந்த எண்களில் பூஜ்யம், ஒன்று, ஓ, ஐ போன்ற குழப்பக்காரர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்பது ஒரு உதவி. ஆனால் எட்டும் பியும் இரண்டுமே வரும். "எட்டுதான்ணா, வயிறு ரெண்டும் உருண்டையா இருக்குது" என்றாள். சரியாக இருந்தது. மீதி நிறுவல் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏழு அடிக்க நெடுநேரம் இருக்கையில், யுபிஎஸ் கீச்சென்றது.

பாதியில் நின்றால் எக்ஸ்பி விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். அந்த அறிவு அதற்கு உண்டு. எட்டு மணிக்குக் கரண்டு வந்தது. பெரியம்மா போய் எஃப் 1 தட்டினாள்.

7பி.

பயாஸுக்குள் போனால் சாட்டா முறை மறுபடி ஏஎச்சிஐ. நான் மாற்றியதைப் பார்த்தவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். திரையின் மூலையில் தேதி 2008 ஜனவரி 1. அப்போதுதான் எஃப் 1 கேட்கிற அந்த ஒற்றை வரியை ஒவ்வொரு சொல்லாக எல்லாரும் சேர்ந்து படித்தோம். சிமாஸ் கணக்குத் தப்புகிறது, தயாரிப்பாளர் வைத்த அமைப்புக்கே திரும்பிவிட்டேன் என்று அந்தப் பெட்டி தினமும் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த பதில், எஃப் 1.

பயாஸில் நாம் மாற்றுகிற அமைப்புகள் சிமாஸ் என்ற ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கும், கடிகாரமும் அங்கேதான். போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் சிஆர் 2032 செல்தான் அதற்குச் சோறு. செல் செத்தாலும், சுவர் பிளக்கில் கரண்டு இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் விடுகிற சிறு கசிவு மின்சாரத்தில் அது உயிர் பிடித்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினாலோ, கரண்டு போனாலோ எல்லாம் மறந்துபோகும்.

இப்போது மொத்தக் கதையும் வரிசையில் வந்து நின்றது. பெங்களூரு ஆபீஸில் பிளக்கைப் பிடுங்க ஆளில்லை, ஜெனரேட்டர் இருக்கிறது. செல் செத்தது யாருக்கும் தெரிந்திருக்காது. தருமபுரிக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் நீலத் திரையைப் பார்த்து, பயாஸில் ஐடிஇ மாற்றி, பிறகு ஃபார்மட் போட்டார். சரிசெய்தது முதல் வேலை, காசு வாங்கியது இரண்டாவது வேலைக்கு. கடையில் இன்வெர்ட்டர் இருந்ததால் அங்கே அது மறக்கவில்லை. பஸ் ஏறியதும் மறந்தது. எங்கள் ஊரில் மணிக்கு மணி மறந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனமும் இல்லாமலில்லை. ஒரே சமயத்தில் இரண்டு காரியத்தைச் செய்துவிட்டு எது பலித்தது என்று பார்க்காமல் விடுகிற பழக்கம்தான் அவருடைய குறை. அது வைத்தியர்களிடமும் உண்டு, விவசாயிகளிடமும் உண்டு. யூரியாவும் மருந்தும் ஒரே நாளில் போட்டுவிட்டு எதனால் பயிர் நிமிர்ந்தது என்று திண்ணையில் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்குச் செல் விஷயம் நம்பும்படியாக இல்லை. இத்தனூண்டு வட்டுக்காகவா இவ்வளவு என்றார். மறுநாள் காலை பாப்பாரப்பட்டியில் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் அதை எடுத்துப் போனோம். லோ வோல்டேஜில் கருகிய மோட்டார்கள் வாசல் வரை வரிசை கட்டியிருந்தன. அந்த வருடம் மின்வெட்டால் லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மல்டிமீட்டர் முனைகளை இரண்டு பக்கமும் வைத்தார். 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றைச் சுற்றியே முள் நின்றது. "இது செத்து வருசம் ஆயிருக்குங்க. மூணுக்கு இது ஒண்ணு. என் மோட்டாருக்கு வர்ற கரண்டு மாதிரியே" என்று சிரித்தார். பெரியப்பாவுக்கு அதற்கப்புறம் சந்தேகமில்லை. அவருக்கு எம்.சி.ஏ.வை விட மீட்டர் நம்பகமானது, எனக்கும் அப்படித்தான்.

புதுச் செல் தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாட்ச் கடையில் கிடைத்தது. 40 ரூபாய். மாட்டும்போது நகத்தால் கிளிப்பை நெம்பி, எழுத்துள்ள பக்கம் மேலாக வைத்து அழுத்த வேண்டும். க்ளிக் என்று உட்காரும். தேதியை வைத்தேன், ஐடிஇ வைத்தேன், சேமித்தேன். பாதியில் நின்ற நிறுவல் தானே தொடர்ந்து முடிந்தது. பிறகு பிளக்கைப் பிடுங்கி அரை மணி வெளியே வைத்து, திரும்பச் சொருகிப் பார்த்தோம். எக்ஸ்பி வந்தது.

வராமல் போனது எஃப் 1 வரிதான். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு எஃப் 1 தட்டுவது பெரியம்மாவின் வேலையாக இருந்தது. அந்த வீட்டில் அவள் கம்ப்யூட்டருக்குச் செய்கிற ஒரே வேலை. மறுநாள் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேராகப் புல்மேடு வந்ததும் "தம்பி, இது இப்ப எதையும் கேக்காமயே போவுது, கெட்டுகிட்டுதா பாரு" என்று என்னை எழுப்பினாள்.

செய்தி பரவ நேரமாகவில்லை. அடுத்த லீவுக்குள் என் தலையில் இன்னொரு வேலை விழுந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வந்திருந்தது. தங்கையிடமும் ஒன்று. விண்டோஸ் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரண்டு அமைப்புகள் அதில் இருக்கும். எதில் போகலாம் என்று தொடக்கத்தில் கேட்கும். பையன்களுக்குப் பாஸ் பக்கம் வீண் இடமாகத் தெரிந்தது. விண்டோஸில் இருந்துகொண்டே அந்தப் பகுதியை அழித்துவிட்டு, அங்கே நாலு படம் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்கிற கிரப் என்ற வாயிற்காவலன் குடியிருந்தது அந்தப் பாஸ் பகுதியில்தான். வீட்டை இடித்ததில் காவலனும் போனான். அடுத்த முறை எழுப்பினால் அப்படியொரு பகுதி இல்லை என்ற வரியும் கிரப் ரெஸ்க்யூ என்ற துடிக்கும் கட்டளைக் குறியும். ஓஎஸ் போயிருச்சு என்று அவர்களும் கடைக்கு ஓடினார்கள், ஃபார்மட் போட்டுக்கொண்டார்கள், படித்த பாடக் குறிப்பெல்லாம் போனது. விண்டோஸ் பழுதுபார்க்கும் வட்டிலிருந்து எழுந்து, தொடக்கப் பதிவை ஒரு கட்டளையில் திரும்ப எழுதினால் போதும். சில நிமிட வேலை. என்னிடம் வந்தவர்களுக்கு அதைத்தான் செய்தேன். பாஸ் திரும்ப வேண்டுமா என்று கேட்டால் ஒருவனும் வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழிலேயே பட்டியல்கள் காட்டக்கூடிய ஒரு அமைப்பை அரசே கையில் கொடுத்தும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் யாரும் ஒதுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தங்கை மட்டும் அழிக்கவில்லை. அவளுக்கு அதில் தொழில் காரியம் இருந்தது. கேள்வித்தாள் கொண்டுவரும் வாத்தியார்களின் பென்டிரைவ்களில் வைரஸ் இல்லாத ஒன்றைக் கண்டதில்லை. கோப்புகளை மறைத்துவிட்டு ஷார்ட்கட்டாகக் காட்டும் வகை அப்போது ஊரெல்லாம் சுற்றியது. எந்தப் பென்டிரைவ் வந்தாலும் முதலில் மடிக்கணினியில் பாஸ் பக்கம் திறந்து, வேண்டிய கோப்பை மட்டும் எடுத்து, பிறகுதான் எக்ஸ்பிக்குக் கொண்டுபோவாள். விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் ஓடாது என்று நான் ஒரு தடவை சொன்னதுதான். மீதி அவளே அமைத்துக்கொண்ட முறை. மடிக்கணினிக்குப் பேட்டரி இருந்ததால் கரண்டு இல்லாத மணி முழுக்கத் தட்டச்சு, வந்த மணியில் பக்க அமைப்பும் அச்சும். மின்வெட்டுக்கு ஏற்ற கால அட்டவணை.

2013-இல் மேட்டூரில் 600 மெகாவாட் புது அலகு ஓடத் தொடங்கியது. அதே வருடம் கூடங்குளத்தின் முதல் உலையும் மின்கட்டமைப்பில் இணைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டு நிற்க ஆரம்பித்தது. 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது. வங்கிகள் ஏடிஎம் இயந்திரங்களை நினைத்துக் கவலைப்பட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் பெட்டிக்கு இணையமே இல்லாததால் அது பாட்டுக்கு ஓடியது. கடைசியில் போனது பிரிண்டர். டிரம் தேய்ந்து ஒவ்வொரு தாளிலும் ஒரு கறுப்புக் கோடு. அந்த மாடலுக்கு மாற்று டிரம் கிடைக்கவில்லை. அதற்குள் பள்ளிக்கூடங்கள் யூனிகோடில் கேட்கத் தொடங்கியிருந்தன. பிரிண்டருக்காகவும் பழைய எழுத்துருக்காகவும்தான் எக்ஸ்பி, எக்ஸ்பிக்காகத்தான் ஐடிஇ. இனி எதற்கும் அவசியமில்லை. பயாஸில் மறுபடி ஏஎச்சிஐக்கு மாற்றி, உபுண்டு 14.04 ஏற்றிக் கொடுத்தேன். தங்கை கல்யாணமாகி அரூர்ப் பக்கம் போனபோது சீர்ச் சாமான்களோடு அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். இறக்கி வைக்கும்போது அவள் மாமனார் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுல சன் டிவி வருமா?"